மண்டபத்தில் நின்றுபோன பஸ்

மேற்பிரிவு, இரத்தோட்டை
2025 மார்ச் 9

அன்புள்ள ஆதிபா,

இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நோன்பு நேரம் வேறு, உனக்குக் களைப்பாக இருக்கும். போனில் பேசினால் நீதான் பேசுவாய். நான் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படித்துவிட்டாய் என்று அந்த நீலக் கோடுகள் சொல்லும். பதில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடிதம் என்றால் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. எனக்கு அது வசதி.

நம் பஸ் கேம் ஓடவில்லை.

நீ போன மாதம் அனுப்பிய புதிய பதிப்பைத்தான் சொல்கிறேன். "மழையைச் சரிசெய்திருக்கிறேன். எல்லா இடத்திலும் போட்டுவிடு, பழையது ஒன்றையும் மிச்சம் வைக்காதே" என்று எழுதியிருந்தாய். இங்கே இன்டர்நெட் எப்படி என்று உனக்குத் தெரியும். டவுனுக்குப் போய் பென்ட்ரைவில் இறக்கிக்கொண்டு வந்து, கோயில் மண்டபத்தில் இருக்கிற ஆறு பழைய கணினிகளிலும் நானே போட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று, "புது மழை வந்திருக்கு, போனைக் கொண்டாங்க" என்று கூப்பிட்டேன். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னாலே காய்ச்சல் வருகிற நான் கூப்பிட்டேன், ஆதிபா. ஆட்கள் வரிசையில் வந்து போனை நீட்டினார்கள். "படிச்ச புள்ள சொல்லுது, குடு குடு" என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் என்பதால் என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மழை நன்றாகத்தான் இருந்தது. பஸ் கண்ணாடியில் துளி வழிந்தது. டிரைவர் துடைக்கத் துடைக்க வழிந்தது. பிள்ளைகள் அதற்காகவே வந்தார்கள். மாதம் பிறந்த அன்று காலையில் எல்லாக் கணினியிலும், எல்லார் போனிலும் ஒரே வரி: "இந்தப் பதிப்பு இனி இயங்காது."

நான்தான் ஏதோ பிழையாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். கணினி படித்தவள் நீ. நான் புவியியல் படித்தவள். ரோட்டையும் அது வளைகிற முடக்குகளையும் வரைந்தேன், ஆட்களின் குரலைப் பதிந்தேன், அவ்வளவுதான். பழைய பதிப்பைத் தேடினேன். நீ சொன்னபடி அழித்துவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை, மண்டபத்தில் கணினி வகுப்பு எடுக்கும் துஷாந்த் ஒரு வீடியோ காட்டினான். நம் பஸ். நம் முடக்குகள். கீழே இங்கிலிஷில் எழுத்து. கடைசியில் திரை இருண்டு அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது: "தம்பி, லயத்து முடக்குல நிப்பாட்டுங்க, கையில கூடை இருக்கு." அதன் பிறகு டிவியில் பொருத்தி விளையாடுகிற ஒரு கொன்சோல் பெட்டியின் படம். "இதில் மட்டும்" என்று எழுதியிருந்தது. அந்தப் பெட்டியை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், மாத்தளையில் ஒரு கடையின் கண்ணாடிக்குள்.

"அக்கா, நீங்க சைன் பண்ணீங்களா?" என்று துஷாந்த் கேட்டான். இல்லை என்றேன். "அப்ப யாரு?" என்றான்.

உனக்குத் தெரிந்தால் எழுது.

ஷிரானி


தெமட்டகொடை
2025 மார்ச் 17

ஷிரானி,

உன் கடிதம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தது. நோன்பு திறந்துவிட்டுத்தான் உடைத்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று உடைக்கும் முன்பே தெரியும்.

நான்தான். சைன் பண்ணியதும் நான், பூட்டைப் புதிய பதிப்புக்குள் வைத்ததும் நான். மழையும் உண்மை, அதற்காக ராப்பகலாக உட்கார்ந்தேன். பூட்டும் உண்மை. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் திகதி பார்த்து மூடிக்கொள்ளும்படி வைத்தேன்.

இனி என் பக்கத்தைக் கேள். நடுவில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அது உன் பழக்கம்.

இவ்வளவு காலமும் நம் கேமை எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தோம். எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும், எந்தப் போனிலும் ஓடும், யாரும் இலவசமாக இறக்கலாம். என்ன நடந்தது? உன் தோட்டம் விளையாடியது. என் மச்சான்மார் விளையாடினார்கள். பேராதனை கம்பஸில் நம் பட்ச் விளையாடியது. அத்தோடு சரி. அந்த ஒன்லைன் கடைகளில் ஒவ்வொரு நாளும் புதிய கேம்கள் குப்பை கொட்டுகிற மாதிரி வந்து விழுகின்றன. நம்முடையது அடியில் கிடந்தது. எவனோ அதை அப்படியே கொப்பி அடித்து, முடக்குக்கு முடக்கு விளம்பரம் வைத்துத் தன் பெயரில் விட்டான். நம்முடையதைவிட அவனுடையதை இறக்கியவர்கள் அதிகம். முறைப்பாடு செய்தேன், பதில் இல்லை. திறந்த இடம், திறந்த இடம் என்பாயே, அது சந்தை. கூவத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வியாபாரம். உனக்குக் கூவ வராது. எனக்குக் கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெட்டியைச் செய்கிற கொம்பனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்: "இதில் சுடுவதற்கு ஆள் இல்லை, முந்துவதற்குக் கார் இல்லை. நீங்கள் ஒரு மலைப் பஸ்ஸின் கொண்டக்டர். பஸ் நிற்கிற ஹோல்ட்டுகளுக்குப் பெயர் கிடையாது. யார் எந்த முடக்கில் இறங்குவார் என்று குரலை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் 'இறக்கம்' என்று கத்துவார். ஒருவர் கம்பியில் காசால் தட்டுவார். ஒருத்தி வாயே திறக்கமாட்டாள், மடியில் பையை இழுத்துக்கொள்வதைக் கண்டு நீங்கள்தான் நிறுத்த வேண்டும். தவறவிட்டால் அந்த ஆள் மழையில் திரும்பி நடப்பார்." சொல்லி முடித்ததும் மேசையில் இருந்த ஒரு பெண் சொன்னாள், "அந்த வாய் திறக்காதவளுக்காகவே நான் இதை எடுப்பேன்" என்று. அது நீதான் என்று நான் சொல்லவில்லை.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். இரண்டு வருடம் தங்கள் பெட்டியில் மட்டும். வேறெங்கும் ஓடுகிற பிரதி ஒன்றுகூட இருக்கக்கூடாது. பதிலுக்குத் தங்கள் கடையின் முன்பக்கத்தில் வைப்பார்கள். கேமை ஒழுங்காக முடிக்க ஆட்கள் தருவார்கள். உக்குவளைக் கடையில் இருந்து வாப்பா எப்போதும் என்ன சொல்வார்? "அதென்ன தொழில் மகள், ஆளுகள் கேட்டா சொல்லேலாதே." இப்போது சாமான் வாங்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து அந்த வீடியோவைக் காட்டுகிறாராம்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பாய். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். கேமைப் பதிவு செய்த அன்று உன் பெயரையும் போடவா என்று கேட்டேன். "உன் பேர்லயே போடு, எனக்கு எதுக்கு" என்றாய். உன் மௌனத்துக்கு எத்தனை தடவைதான் நானே அர்த்தம் எழுதிக்கொள்வது?

இரண்டு வருடம்தானே. பிறகு எல்லாருக்கும் திறந்துவிடுவேன்.

ஆதிபா


மேற்பிரிவு
2025 மார்ச் 25

அன்புள்ள ஆதிபா,

மடித்து வைக்காமல் படித்தேன்.

சந்தையைப் பற்றி நீ எழுதியது சரியாக இருக்கலாம். உன்னோடு அதில் வாதாட எனக்கு வராது. என் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதும் உண்மை. ஆனால் குரல் பதிந்த நாளில் மண்டபத்து மேடையில் ஏறி நீ என்ன சொன்னாய்? "இது யாருக்கும் பூட்டாத கேம். உங்க குரல் இருக்கிற பஸ்ஸில நீங்க எப்பவும் சும்மா ஏறலாம்." எல்லாரும் கை தட்டினார்கள். நான் வாய் திறக்காதவள் என்றால் என் மௌனத்துக்கு நீ அர்த்தம் எழுதிக்கொள்ளலாம். அவர்கள் மௌனமாக இருக்கவில்லையே. நீ சொன்னதைக் கேட்டுத்தான் வரிசையில் வந்து பேசினார்கள்.

இரண்டு வருடம்தானே என்கிறாய். மண்டபத்துக்கு வருகிற பெரிய பிள்ளைகள் இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறார்கள். இரண்டு வருடத்தில் பாதிப் பேர் கொழும்பில் ஏதாவது ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருப்பார்கள். நீ திறக்கும்போது இங்கே யார் இருப்பார்கள்?

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கேம்தான் போய்விட்டது; அந்த வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. போனை வாங்கிப் புதிய பதிப்பைப் போட்டவள் நான், ஆகவே விற்றவளும் நான். தோட்டத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. டிரைவருக்குக் குரல் கொடுத்த இஞ்ஞாசி மாமா கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் நின்று கூப்பிட்டார்: "என்ன ஷிரானி மிஸ், என் இருமலு இப்ப டொலர்ல இருமுதாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இவ்வளவு நாளும் என்னை "வாம்மா போம்மா" என்று பேசிய மனிதர். மிஸ் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை கூப்பிட்டார்.

நேற்று டவுனில் இருந்து வரும்போது பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்கள் பேசினார்கள். "ஏய், இறக்கம்னு சத்தமா சொல்லிராதீங்கடி. முன்னுக்கு அவ இருக்கா, அதையும் புடிச்சு வித்துருவா." பஸ் முழுக்கச் சிரித்தது. கொண்டக்டர் தம்பியும் சிரித்தான். என் முடக்கு வருவதற்கு வெகுதூரம் முன்பே இறங்கி நடந்தேன்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். அம்மாவைத்தான் முடியவில்லை. அம்மா சத்தம் போடவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "எங்கள கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்போமே. எதுக்குத் திருட்டுத்தனம்?"

"நான் இல்லம்மா."

"போனை வாங்கினது யாரு கை?"

என் கைதான். இன்டர்நெட் வராத இடத்துக்கு உன் பூட்டு வந்து சேர ஒரு கை தேவைப்பட்டது. நீ என் கையை எடுத்துக்கொண்டாய். எதற்கு என்றுகூடச் சொல்லவில்லை. மழை என்றாய்.

மண்டபத்துக் கணினிகளை மட்டுமாவது திறக்க முடியுமா? ஆம், இல்லை என்று ஒரு வரி போதும்.

ஷிரானி


தெமட்டகொடை
2025 ஏப்ரல் 6

ஷிரானி,

பெருநாளைக்கு ஊருக்குப் போய் வந்தேன். உக்குவளையில் இருந்து உங்கள் பக்கம் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாத்தளை வரை வந்து பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ கேட்ட ஒரு வரி: இல்லை. கேட்டுப் பார்த்தேன். வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாத ஒரு மண்டபம், ஆறே ஆறு கணினி என்று கெஞ்சினேன். "ஓரிடத்துக்கு விட்டால் மற்ற இடத்துக்கு என்ன சொல்வது" என்றார்கள். வேண்டுமானால் மண்டபத்துக்குப் பெட்டி ஒன்றை இலவசமாக அனுப்புகிறார்களாம். வாங்கிக்கொள். ஒன்றாவது இருக்கட்டும்.

உன் கையை எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சைன் பண்ணமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. இது மன்னிப்புக் கேட்பது இல்லை. உண்மை, அவ்வளவுதான்.

இனி எழுதப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. கொம்பனியின் வக்கீல்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குரல் கொடுத்த ஒவ்வொருவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அன்று நாம் ஒருவரிடமும் வாங்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே பதிந்தோம். கையெழுத்து இல்லாவிட்டால் எல்லாக் குரலையும் நீக்கிவிட்டு, கொழும்பில் நடிகர்களை வைத்துப் பதியச் சொல்கிறார்கள். நேற்று ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தார்கள். உன் அம்மாவின் வரியை அவள் அழகாகச் சொன்னாள். அதில் கூடையும் இல்லை, பாரமும் இல்லை. அந்தக் குரல்கள் போனால் அது வேறு யாருடைய பஸ்ஸோ.

தாள்களைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வாங்கித் தருவாயா? உன் ஆட்கள், நீ கேட்டால் போடுவார்கள். உன் பெயரை என் பெயருக்கு மேலே போடச் சொல்லிவிட்டேன்.

நானே வரலாம். வேலை என்று பொய் சொல்லலாம். வேலை இல்லை. உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆதிபா


மேற்பிரிவு
2025 ஏப்ரல் 21

அன்புள்ள ஆதிபா,

பெட்டி வேண்டாம். வந்தால் பாதர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, ஆயர் வருகிற அன்று மட்டும் வெளியே எடுப்பார். நான் மாத்தளையில் பார்த்த மாதிரி பிள்ளைகளும் கண்ணாடிக்குள்தான் பார்ப்பார்கள்.

தாள்களைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் உன் பஸ்ஸிலும் எங்கள் குரல் இருக்காது என்று தெரிந்ததும் ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதை உனக்கு மறைக்கவில்லை. மறுநாள் அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. குரல் அவர்களுடையது. போடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியதும் அவர்கள்தான். அதை நானும் மறைத்தால் நீ செய்ததைத்தான் நானும் செய்கிறேன்.

நேற்று உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொன்னேன். "இந்தத் தடவை என்ன மழையோ" என்று யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள். தாளை முழுதாக வாசித்தேன். இரண்டு வருடம் என்பதை, பெட்டியில் மட்டும் என்பதை, போடாவிட்டால் குரலை நீக்கிவிடுவார்கள் என்பதை. மேசையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, "பூட்டினது நான் இல்ல. ஆதிபா பூட்டி அனுப்பினத எனக்குத் தெரியாம நான் போட்டேன்" என்றேன். இவ்வளவு பேருக்கு முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒருவரும் நம்பவில்லை.

"இல்லாத ஆள் தலையில போடாதம்மா" என்றார் இஞ்ஞாசி மாமா. "அந்தப் புள்ள குரல் எடுக்க வந்தப்ப என் இருமலுக்கு மருந்து வாங்கியாந்து குடுத்துச்சு. அது எப்படிப் பூட்டும்?"

பின்னால் இருந்து ஒருத்தி சொன்னாள்: "அந்தப் புள்ள வந்து கேக்கட்டும். இப்பவே போடுறோம். இவ கேட்டா வேணாம்."

அதற்கு எல்லாரும் "ஆமா, ஆமா" என்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"ஆதிபா அப்படிச் செய்யாது" என்றார். "செஞ்சிருந்தா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கும். வாயாடிப் புள்ள, மனசுல ஒண்ணும் நிக்காது. இதுதான் ஊமக்கோட்டான். பெத்த எனக்கே இதுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஆதிபா. கவலையாகச் சொன்னார்.

"நான்தான்" என்று நீ எழுதிய கடிதம் அப்போது என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். துஷாந்துகூட "எடுங்கக்கா" என்று கண்ணைக் காட்டினான். நான் எடுக்கவில்லை. என் அம்மா என்னை நம்புவதற்கு நான் ஒரு தாளை ஆதாரமாக நீட்ட வேண்டுமா? தவிர, அது நீ எனக்கு எழுதியது. ஊருக்கு முன்னால் உன்னை வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. நீ எனக்காக அப்படி யோசிக்கவில்லை என்பது தெரிந்தும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மேல் தட்டில் இருந்து ஒரு சட்டியை இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார். நீ முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பன்றி சமைத்த சட்டி உனக்குப் படக்கூடாது என்று டவுனில் தனியாக வாங்கியது. அதில் வேறு எதையும் இன்றுவரை சமைத்ததில்லை. "புள்ள கையெழுத்து வாங்க வரும்ல, கோழிய அவுங்க ஆளுக அறுத்ததா பாத்து வாங்கணும்" என்றார். என்னிடம் இல்லை, அடுப்பிடம் சொன்னார்.

தாள்கள் வெறுமையாகவே இருக்கின்றன. திருப்பி அனுப்பவில்லை. நீ வந்து கேட்டால் எல்லாரும் போடுவார்கள். அம்மாதான் முதலில் போடுவார். நான் தடுக்க மாட்டேன். உன் கேம் உலகம் முழுக்கப் போகட்டும், உன் வாப்பா எல்லாருக்கும் காட்டட்டும். என் பெயரை மேலேயும் போட வேண்டாம், கீழேயும் போட வேண்டாம். மண்டபத்தைத் திறக்கச் சொல்லி இனிமேல் உன்னைக் கேட்கவும் மாட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதே கேட்க நினைத்த ஒன்றை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லை.

வா, ஆதிபா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், எல்லாரும் இருக்கும்போது வா. தாள்களை நான் உன் கையில் தருகிறேன். ஆனால் அம்மா உனக்குச் சோறு போடுவதற்கு முன்னால், ஒரு தாளையும் நீ நீட்டுவதற்கு முன்னால், அம்மாவின் முகத்தைப் பார்த்து, பூட்டியது யார் என்று சொல். அதற்குப் பிறகு கையெழுத்தைக் கேள்.

ஷிரானி